திபேரியஸ் காசும் மான் பொறித்த கறுப்புக் காசும்: இரண்டும் உரோம வெள்ளிதானா?

கொக்குவில் மாறன் எழுதியது:

வணக்கம். காலஞ்சென்ற எங்கள் அம்மப்பாவிடமிருந்து வந்த இரண்டு காசுகளைப் பற்றி, இத்துறையில் பழக்கம் உள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அம்மப்பா இளமையில் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் கணக்கராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு இலண்டனில் இருந்த பெரிய மாமாவிடம் போய் வந்தவர். இரண்டு காசுகளையும் ஒரே காகிதத்தில் சுற்றி, அதன் மேல் 'உரோம வெள்ளி' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். எங்கே பெற்றார், யாரிடம் வாங்கினார் என்ற குறிப்பு எதுவும் இல்லை.

முதலாவது காசு வெண்மையானது. விட்டம் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். முன்பக்கத்தில் இலைமாலை சூடிய ஓர் ஆணின் தலை வலப்புறம் நோக்குகிறது. பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் நீண்ட கோலும் மற்றக் கையில் ஒரு கிளையும் பிடித்திருக்கிறாள். அவளின் இரு பக்கங்களிலும் உள்ள எழுத்துகளைக் கூட்டினால் 'பொந்திஃப் மக்சிம்' என்று வருகிறது. தலையின் பின்புறம், கழுத்தை ஒட்டி, அரிசியில் பாதியளவு பிறைவடிவப் பள்ளம் ஒன்று உள்ளது.

இரண்டாவது காசில் தாடி வைத்த ஒருவரின் தலை. முடியில் கதிர்கள் கூர்கூராக எழுகின்றன. பின்பக்கத்தில் நடக்கும் மான் ஒன்று. சுற்றிலும் 'தியானே கொன்ஸ் அவுக்'. நிறம் கருஞ்சாம்பல். தேய்ந்த இடங்களில் செம்பு தெரிகிறது. எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் வெள்ளியின் பளபளப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் உரைத்துப் பார்த்தார்கள். முதலாவது நல்ல வெள்ளி என்றும், இரண்டாவது செம்புக்கு முலாம் பூசிய போலி என்றும் சொன்னார்கள். அப்படியானால் அம்மப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்களா? ஒரே பேரரசின் வெள்ளிக்காசுகள் இவ்வளவு வேறுபட முடியுமா? இவை யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கம் நிலத்தில் எடுத்தவையாக இருக்குமோ என்று ஒரு நண்பர் கேட்கிறார். அம்மாவோ வெள்ளைக்காசுக்கு வளையம் வைத்துப் பதக்கமாக்க வேண்டும் என்று நிற்கிறார். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நல்லூர்ப் பழங்காசு எழுதியது:

தம்பி மாறன், நீங்கள் தந்த விவரம் தெளிவாக இருப்பதால் படம் பார்க்காமலேயே பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

முதலாவது, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் பேரரசரின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு. அவருடைய தலையைச் சுற்றி 'திபேரியஸ் சீசர், தெய்வமான ஒகஸ்டஸின் மகன், ஒகஸ்டஸ்' என்பதன் சுருக்கம் இருக்க வேண்டும். 'பொந்திஃப் மக்சிம்' என்பது தலைமைப் பூசகர் என்ற அவருடைய பட்டம். அமர்ந்திருக்கும் பெண்ணை அவருடைய தாயார் லிவியா என்று பலர் கொள்கிறார்கள். இந்த ஒரே வகையை ஆட்சிக்காலம் முழுவதும் ஏராளமாக அடித்தார்கள். இன்று லியோன் என்று வழங்கும் லுக்துனும் நகரத்தில் காசு அடித்த அக்கசாலையில் இருந்தே இவை வந்தன என்பது பொதுவான முடிவு. 'சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள்' என்ற விவிலியக் காட்சியில் வரும் வரிக்காசு இதுதான் என்று சேகரிப்போர் சொல்வதுண்டு. விவிலியம் காசின் வகையைக் கூறவில்லை. ஆயினும் அந்தப் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது, விலையையும் ஏற்றிவிட்டது.

கழுத்தோரத்துப் பிறை, காசு நோட்டம் பார்த்த ஒருவர் வைத்த முத்திரையாக இருக்கலாம். உள்ளே செம்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கக் குத்துவதும், பார்த்தாயிற்று என்று அடையாளம் இடுவதும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தன. அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது காசுதான் எனக்குச் சுவையானது. அது கலியேனஸ் பேரரசருடையது. அவர் தனித்து ஆண்ட 260 முதல் 268 வரையான காலத்தின் இறுதியில், உரோம் நகரிலேயே அடிக்கப்பட்டது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு விலங்கைப் பொறித்து, 'பேரரசரைக் காப்பவருக்கு' என்று எழுதி ஒரு வரிசையே வெளியிட்டார்கள். மான் வேட்டைத் தெய்வமான தியானாவுக்கு உரியது. குதிரையுடல் மனிதன், சிறுத்தை, கடற்குதிரை பொறித்தவையும் உண்டு. மானின் காலுக்குக் கீழே சிறிய எழுத்து ஒன்று இருக்கும். எந்தப் பட்டறைப் பிரிவு அடித்தது என்று காட்டுவது அது. ஆகவே அம்மப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் காசை அடித்தவர்கள் அதைச் செம்பாகவே அடித்து, வெள்ளி என்று செலாவணியில் விட்டார்கள். ஏமாற்று என்று சொல்வதானால் அரசின் ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். தெனாரியஸ் கி.மு. 211 அளவில், ஹனிபாலுடன் போர் நடந்த காலத்தில் தோன்றியது. ஒகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசு என்பது கணக்கு. அதாவது ஒன்று ஏறத்தாழ 3.9 கிராம், வெள்ளியும் கிட்டத்தட்டத் தூயது. 25 தெனாரியஸ் ஒரு பொற்காசு. ஒரு தெனாரியஸ் 16 செப்புக்காசு. திபேரியஸ் இந்த மாற்றையும் (வெள்ளியின் தூய்மையையும்) நிறையையும் காப்பாற்றினார். கி.பி. 64 அளவில் நீரோ இரண்டிலும் கை வைத்தார்: இறாத்தலுக்கு 96 காசாக்கி நிறையைக் குறைத்தார், செம்பையும் தாராளமாகக் கலந்தார். உரோம் நகரம் எரிந்ததும் அதே ஆண்டில்தான். மீளக் கட்டும் செலவு ஒரு காரணம் என்பது இயல்பான ஊகம். டொமிஷியன் 82இல் மாற்றை மீண்டும் உயர்த்திப் பார்த்தார். மூன்று ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை, 85இல் இறக்கிவிட்டார்.

அதற்குப் பின்னர் நிலையான ஏறுமுகம் இல்லை. 194 அளவில் செப்டிமியஸ் செவேரஸ் காசில் வெள்ளி பாதியளவுக்கு வந்துவிட்டது. படையினரை வளப்படுத்துங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அவர் சாகும்போது தம் பிள்ளைகளுக்குச் சொன்னதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். சம்பளம் ஏறிய ஒவ்வொரு முறையும் அதைக் கொடுக்க வேண்டிய உலோகம் அதற்கேற்ப ஏறவில்லை. மகன் கரகல்லா 215இல் ஒரு புதுக்காசு கொண்டு வந்தார். உங்கள் இரண்டாவது காசில் உள்ள கதிர்முடி அதன் அடையாளம். நாம் அதை அந்தோனினியானஸ் என்கிறோம். பேரரசியின் உருவமானால் கதிர்முடிக்குப் பதிலாகத் தோளின் கீழே பிறை இருக்கும். அதன் மதிப்பு இரண்டு தெனாரியஸ் என்று கொள்ளப்படுகிறது. அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரைக் காசுக்குரியது. மிச்ச அரை எங்கே போனது என்பதை விளக்கத் தேவையில்லை. 240 அளவுக்குள் பழைய தெனாரியஸ் அடிப்பதே கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

பிறகு கலியேனஸ். 260இல் அவருடைய தந்தை வலேரியன் பாரசீக மன்னன் சாப்பூரிடம் சிறைப்பட்டார். அதே காலத்தில் மேற்கே போஸ்துமுஸ் தனியரசு வைத்துக்கொண்டார்; வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஸ்பெயினும் அவர் பக்கம் போனது. அதற்கு முன்னிருந்தே கொள்ளைநோய் ஊர்களை வெறுமையாக்கிக் கொண்டிருந்தது. எல்லா எல்லையிலும் படை நிற்கிறது, படைக்குச் சம்பளம் வேண்டும், வெள்ளி இல்லை. அவர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அடித்த காசுகளில் நூறில் ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. உங்கள் மான் காசு அந்த ஆண்டுகளின் பிள்ளை.

பட்டறைக்காரர் எழுதியது:

நான் நாணயம் சேர்ப்பவன் அல்லன்; தகப்பனார் காலத்தில் இருந்து வெள்ளி வேலை செய்கிற குடும்பம். கடையில் போலி என்று சொன்னவர்மீது குற்றம் காண முடியாது, உரைகல் காட்டியதை அவர் சொன்னார். உரைகல்லில் விழும் கோடு மேற்தோலின் கோடுதான். உள்ளே இருக்கும் உலோகத்தைப் பற்றி அது பேசாது. அதுவும் வெள்ளியில் அதன் துல்லியம் தங்கத்தில் போல வராது.

செம்பு மிகுதியாகக் கலந்த வெள்ளியைச் சூடாக்கினால் மேலே உள்ள செம்பு கறுத்துவிடும். அதைப் புளிக்கரைசலிலோ மென்மையான அமிலத்திலோ போட்டால், கறுத்த செம்பு கரைந்து போய், வெள்ளி மட்டும் மேலே படலமாக நிற்கும். பார்ப்பவருக்கு அது வெண்வெள்ளி. பழைய பட்டறைகளில் மாற்றுக் குறைந்த கொலுசை வெளுக்க வைத்தது இப்படித்தான். கிழவிகள் அதை இரண்டு தீபாவளி கட்டினால் சாயம் வெளுத்துவிடும். உரோமர்களும் காசு வில்லைகளை அடிக்கும் முன்னர் இவ்விதம் வெளுக்க வைத்தார்கள் என்று வாசித்திருக்கிறேன். வேலை தெரிந்தவனுக்கு அதில் வியப்பு இல்லை. எழுத்து இடுக்கில் மட்டும் பளபளப்பு எஞ்சியிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது, ஏனென்றால் கைபடாத பள்ளங்களில்தான் படலம் தங்கும்.

உண்மையான கள்ளக்காசு வேறு. செப்பு வில்லையை வெள்ளித் தகட்டில் பொதிந்து, சூட்டில் ஒட்டவைத்து, அதன்மேல் அச்சு அடிப்பார்கள். அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தகடு மடிந்த இடமோ, கொப்பளித்து உரிந்த இடமோ தெரியும், உள்ளே பச்சை பூத்திருக்கும். உங்கள் வெள்ளைக்காசின் விளிம்பையும் அந்தப் பிறைப் பள்ளத்தின் அடியையும் ஒருமுறை அப்படிப் பார்த்துவிடுங்கள்.

பதக்க விடயத்தில் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடலாம். வளையம் வைத்துப் பற்றவைக்கும் சூடு பட்டால் இரண்டாயிரம் ஆண்டு பழைய வெள்ளி எப்படி நடக்கும் என்று எந்தப் பத்தரும் உறுதி தர முடியாது. உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கும் வெள்ளி கண்ணுக்கு நல்லதாகவே தெரியும். கட்டாயம் அணியத்தான் வேண்டும் என்றால் காசைத் தொடாமல் சுற்றிவரச் சட்டம் கட்டித் தரலாம். தேசிக்காய், புளி, சாம்பல், வெள்ளி துலக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அக்கசாலைக்காரன் ஒருமுறை தின்னக் கொடுத்த செம்பை நீங்கள் மறுபடி தின்னக் கொடுப்பீர்கள், அவ்வளவுதான்.

உடுவில் இரசாயனம் எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா சொன்னதில் ஒரு விளைவு உண்டு. மேற்பரப்பில் வெள்ளி செறிந்திருப்பதால், பழைய ஆய்வுகளில் காசின் மேலே மட்டும் கதிர்பாய்ச்சி அளந்த எண்கள் உண்மையைவிட உயர்வாக வந்தன. பின்னர் விளிம்பில் நுண்ணிய துளையிட்டு உட்பகுதியை அளந்தபோது, நீரோ முதலில் அடித்த மாற்றுக் குறைந்த காசுகளில் வெள்ளி 80 சதவீதம் அளவுதான் என்று தெரிந்தது. முந்திய நூல்கள் 90க்கு மேல் என்று எழுதியிருந்தன. எனவே பழைய அட்டவணைகளை அப்படியே எடுத்து ஒப்பிட வேண்டாம்.

காசைத் துளைக்காமல் ஓரளவு அறிய வீட்டிலேயே வழி இருக்கிறது, ஆக்கிமிடிஸ் தத்துவம்தான். தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பினுடையது 8.96. மில்லிகிராம் காட்டும் மின்தராசு வேண்டும். நகைக்கடைத் தராசு போதும், சமையலறைத் தராசு உதவாது. முதலில் காசை நிறுங்கள். பிறகு ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் கொதித்து ஆறிய நீரை எடுத்துத் தராசின் மேல் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலோன் நூலில் கட்டி, வெளியே ஒரு தாங்கியில் இருந்து தொங்கவிட்டு, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கச் செய்யுங்கள். தராசு காட்டும் எண், காசு இடம்பெயர்த்த நீரின் நிறை. காசின் நிறையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

எச்சரிக்கையாக ஒரு கணக்குத் தருகிறேன். 3.62 கிராம் காசு தூய வெள்ளியானால் தராசு 0.345 காட்டும், பாதி வெள்ளி பாதி செம்பானால் 0.375 காட்டும். இரண்டுக்கும் இடையில் வெறும் 30 மில்லிகிராம்தான். காசில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழ் இந்த இடைவெளியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகவே மூழ்கியதும் நூலை மெதுவாகத் தட்டிக் குமிழ்களைப் போக்குங்கள், அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுங்கள்.

கொக்குவில் மாறன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தெரிந்த ஒருவரின் நகைக்கடைத் தராசில் இரசாயன டீச்சர் சொன்ன முறைப்படி செய்து பார்த்தேன். வெள்ளைக்காசு 3.624 கிராம்; நீரில் 0.350. வகுத்தால் 10.35 வருகிறது. மான் காசு 2.914 கிராம், நீரில் 0.331. வகுத்தால் 8.80. இது செம்பைவிடவும் குறைவு. செம்பும் வெள்ளியும் கலந்த ஒன்று எப்படிச் செம்பைவிட இலேசாக இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக்காசில் இரண்டு சிறிய வெடிப்புகள் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடுகின்றன. வெடிப்பின் உள்ளும் பிறையின் அடியிலும் வெள்ளைதான். மடிப்போ பச்சையோ இல்லை. மானின் காலடியில் ஓர் எழுத்து உண்மையாகவே இருக்கிறது, ஆனால் தேய்ந்துவிட்டது. அம்மா பதக்க எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார், மனத்தாங்கலோடுதான்.

உடுவில் இரசாயனம் எழுதியது:

10.35 என்பதைக் கணக்கிட்டால் வெள்ளி 90 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. நுண்குமிழும் வெடிப்பும் அடர்த்தியைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டமாட்டா. ஆகவே உண்மையான மாற்று இதைவிட உயர்வாக இருக்கவே வாய்ப்பு. திபேரியஸ் காசுக்கு இது பொருத்தமான விடை.

மான் காசின் 8.80 உங்களைக் குழப்ப வேண்டாம். மண்ணில் கிடந்த செப்புக் கலவை உள்ளுக்குள் அரிபட்டுத் துளைகள் உண்டாகும். அரிப்பினால் உண்டாகும் சேர்வைகள் உலோகத்தைவிட அடர்த்தி குறைந்தவை. வெள்ளீயமும் சேர்ந்திருக்கலாம்; அதன் அடர்த்தி 7.3 அளவுதான். இவ்வளவு வெள்ளி என்று இந்த முறையில் சொல்ல இயலாது. வெள்ளி மிகக் குறைவு என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம்.

மாதோட்டத்தான் எழுதியது:

எல்லோரும் உலோகத்திலேயே நிற்கிறீர்கள். காசு வந்த வழியைப் பேச வேண்டாமா? கந்தரோடையில் போல் பீரிஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அகழ்ந்தபோது, முத்திரை குத்திய பழைய வெள்ளிக்காசுகளோடு உரோமக் காசுகளும் அப்பகுதியில் கிடைத்ததைப் பதிந்திருக்கிறார். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் அதே இடத்தில் அகழ்ந்து, கடல்வாணிபத்தோடு தொடர்புடைய வரியிட்ட மட்கலங்களை எடுத்தார்கள். மாந்தை எத்தகைய துறைமுகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போதாததற்கு உரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்த செய்தி இருக்கிறது. செங்கடலில் வரி வசூலிக்கும் குத்தகையை எடுத்திருந்த அன்னியுஸ் புளோகமுஸ் என்பவரின் பணியாளர் ஒருவர் அரேபியக் கரையோரமாகப் போகையில் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் இருந்த தெனாரியஸ்களைக் கண்ட அரசன், வெவ்வேறு பேரரசர்களின் உருவம் பொறித்திருந்தும் எல்லாம் ஒரே நிறையாக இருப்பதைக் கண்டு, இந்த மக்கள் நேர்மையானவர்கள் என்று வியந்தானாம். இராகியாஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதர்களையும் உரோமுக்கு அனுப்பினானாம். இது குளோடியஸ் காலத்துக் கதை. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் புளோகமுஸின் ஆள் ஒருவன் கி.பி. 6இல் பாறையில் பெயர் வெட்டிப் போயிருப்பதால், அந்தக் குடும்பம் கற்பனை அன்று. இப்படி ஒரு சான்று இருக்கும்போது, யாழ்ப்பாணத்து வீட்டில் திபேரியஸ் காசு இருப்பதற்குக் கோயம்புத்தூரைத் தேடிப் போவது ஏன்?

நல்லூர்ப் பழங்காசு எழுதியது:

பிளினியின் செய்தியில் எனக்கும் விருப்பம் உண்டு. அதை வேறு ஒரு கோணத்தில் பார்க்கிறேன். குளோடியஸ் ஆண்டது 41 முதல் 54 வரை. அதாவது நீரோ நிறையைக் குறைப்பதற்கு முன்னர். ஒகஸ்டஸ், திபேரியஸ், குளோடியஸ் மூவரின் காசுகளும் ஒரு கணக்கில் நின்ற காலம் அது. அதே பணியாளர் இருபது ஆண்டுகள் பிந்தி வந்திருந்தால், பையில் இருந்த புதுக்காசும் பழைய காசும் தராசில் ஒத்திருக்கமாட்டா; நம் அரசனும் தூது அனுப்பியிருக்கமாட்டான். பிளினி இதை எழுதியது 77 அளவில். காசுக்கு நேர்ந்ததை அறிந்தவராகவே அவர் இந்தப் பாராட்டை எழுதியிருக்கிறார். அதில் உள்நாட்டவருக்கு ஒரு குத்தல் இருக்கிறதோ என்றுகூட எனக்கு ஐயம் உண்டு. அக்கசாலையில் இறாத்தலுக்கு இத்தனை காசு என்று மொத்தமாக நிறுத்தார்களே தவிர, ஒவ்வொன்றையும் தனித்தனியே சரி செய்யவில்லை. மாறனின் காசு தேய்மானத்தோடு 3.62, அக்கம்பக்கமாக அடித்த இரண்டு காசுகளில்கூடச் சிறு வேறுபாடு சாதாரணம்.

ஆனால் கந்தரோடைக்கும் மாறனின் காசுக்கும் முடிச்சுப் போட இவை போதா. இலங்கையில் பெருந்தொகையாகக் கிடைத்த உரோமக் காசுகள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறிய செப்புக்காசுகள். ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் போன்றோருடையவையும், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்தவையும்தான். முதலாம் நூற்றாண்டு வெள்ளி இங்கே அரிது. அது குவியல் குவியலாகக் கிடைத்த இடம் எதிர்க்கரை: கரூர், பொள்ளாச்சி, வெள்ளலூர் என்று பாலக்காட்டுக் கணவாயில் இருந்து கிழக்கே போகும் வழி நெடுகிலும். வெள்ளலூரில் 1842இல் ஒரே பானையில் 522 தெனாரியஸ்கள் வந்தன. அதே ஊரில் பிறகும் புதையல்கள் கிடைத்தன. மேற்குக் கரையில் இறங்கி மிளகும், கொங்கு நாட்டு நீலப் பச்சைக்கல்லும் வாங்கியவர்கள் கொடுத்த விலை அது. வெள்ளலூர் கோயம்புத்தூருக்கு அடுத்த வீடு. அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் இந்தக் காசு இருப்பதற்குக் கந்தரோடையைவிட அந்த வழியே கிட்டியது.

அந்தப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே வகை. ஒன்று, ஒகஸ்டஸின் பேரப்பிள்ளைகளான கையுஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்பது. மற்றது மாறனிடம் உள்ள இந்தத் திபேரியஸ். நீரோவுக்குப் பிந்திய வெள்ளி அருகிவிடுகிறது. இங்குள்ள வணிகர்கள் நிறையும் மாற்றும் குறையாத பழைய காசையே கேட்டு வாங்கினார்கள், அதனால் அங்கிருந்தவர்கள் பழையதைத் தேடித் தெரிந்து அனுப்பினார்கள் என்பது ஒரு விளக்கம். வணிகம் திபேரியஸ் காலத்தில் உச்சத்தில் இருந்தது, அதுவே காசில் தெரிகிறது என்பது மற்றொன்று. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். உரோமர் புதையல்களில் குடியரசுக் காலத்துத் தெனாரியஸ்கள் நெடுங்காலம் கலந்து வருகின்றன. மார்க் அந்தோனி தன் படைகளுக்காக அடித்த மாற்றுக் குறைந்த காசுகள் மூன்றாம் நூற்றாண்டு வரை தேய்ந்து தேய்ந்து புழங்கின. உருக்கினால் இலாபம் இல்லாததால் அவற்றை எவரும் உருக்கவில்லை. தென்னிந்தியப் பானைகளில் அத்தகைய கலவை இல்லை. யாரோ உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். 107இல் ட்ராஜன் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கிய பிறகு, பொறுக்குவதற்கும் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

இதே காரணத்தால் மான் காசு அந்த வழியில் வந்திருக்க முடியாது என்றே சொல்வேன். நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியை மிளகுக்கு விலையாக யார் வாங்குவார்? பிரித்தானியாவிலும் பிரான்சிலும் வயல்களில் கலியேனஸ் காலத்துக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. இலண்டனில் அவை மலிவாகவே விற்கும். பெரிய மாமா வீட்டுக்குப் போனபோது அம்மப்பா வாங்கியிருக்கலாம். ஒரே தாளில் சுற்றியிருந்தாலும் இரண்டும் இரு வேறு கடல் கடந்து வந்தவை.

மாதோட்டத்தான் எழுதியது:

கொங்கு வழியை மறுக்கவில்லை. எனினும் முதலாம் நூற்றாண்டு வெள்ளி இங்கே அரிது என்பதற்கு, அது வரவில்லை என்பது மட்டுமே விடை ஆகாது. அக்காலத்தில் இங்கே புழங்கிய முத்திரைக்காசும் ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளிதான். அயல்நாட்டு முகம் பொறித்த காசு உள்ளூரில் உருகி வேறு வடிவம் எடுத்திருக்கலாம். கந்தரோடையின் பெரும்பகுதி இன்னும் வீட்டுவளவுகளுக்கும் தோட்டங்களுக்கும் அடியில்தான் கிடக்கிறது.

நல்லூர்ப் பழங்காசு எழுதியது:

அது நடந்திருக்கக் கூடியதே. ஆனால் உருகிய காசு சாட்சி சொல்லாது. அகழ்வு நடக்கட்டும், பார்ப்போம்.

மாறன் தம்பிக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது; நாணயமும் அதில் அடங்கும். நிலத்தில் புதிதாகக் கண்டெடுப்பது அரசுக்கு உரியது. அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டு போகவும் முடியாது. ஆகவே அடுத்த முறை இலண்டனுக்குப் போகிறவர்களின் பையில் இவற்றைக் கொடுத்துவிட வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்திடம் காட்டி, குடும்பத்தில் வந்தது என்பதைப் பதிவு செய்துகொள்வது நல்லது. நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

போகும் முன்னர் இரு காசுகளின் இரு பக்கங்களையும் அளவுகோல் அருகில் வைத்துப் படம் எடுத்து இங்கே இடுங்கள். முன்பக்கத் தலை நேராக நிற்கும்படி பிடித்துத் திருப்பினால் பின்பக்க உருவம் எந்த மணித்திசையில் சாய்கிறது என்பதையும் எழுதுங்கள். திபேரியஸ் காசில் நாற்காலியின் காலைக் கவனியுங்கள்: சில அச்சுகளில் அது வெறும் கோடு, சிலவற்றில் கடைந்த வேலைப்பாடு, எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மானுக்குக் கீழே உள்ள எழுத்தைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுத்தால், தேய்ந்திருந்தாலும் வாசிக்க முயலலாம். காசுகளை மென்மையான பிளாஸ்ரிக் உறைகளில் இடாமல் காகித உறையில் வையுங்கள். நம்முடைய உப்புக் காற்றில் அந்த உறைகள் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கிவிடும். அம்மப்பா எழுதிய அந்தத் தாளையும் எறிந்துவிட வேண்டாம், காசுகளோடு சேர்த்தே வைத்திருங்கள்.